விலைச்சீட்டோடு வரும் ஆசைகள்



பிரான்ஸ் நாட்டின் வடக்கே நார்மண்டி. அங்கே யோன்வீல் என்றொரு சிற்றூர். ஒரு நாவலுக்காகவே உண்டாக்கப்பட்ட ஊர். அந்த ஊர் வைத்தியர் வீட்டு வாசலில் ஒரு நாள் அமீனா வந்து நிற்கிறார், கூடவே இரண்டு சாட்சிகள். ஜப்திப் பட்டியல் எழுத வந்திருக்கிறார்கள். வைத்தியர் நோயாளிகளைப் பார்க்கும் அறையில் தொடங்குகிறார்கள். மண்டையின் மேடுபள்ளங்களைக் குறித்துக் காட்டும் பொம்மைத் தலை ஒன்று அங்கே இருக்கிறது; தொழிற்கருவி என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். சமையலறையில் தட்டு, பானை, நாற்காலி, மெழுகுவத்தித் தண்டு என்று எண்ணுகிறார்கள். படுக்கையறைத் தட்டில் அடுக்கியிருக்கும் அழகுச் சாமான்களை எண்ணுகிறார்கள். பிறகு வீட்டு அம்மாளின் உடுப்புகள், துணிமணிகள். அந்த அம்மாள், எம்மா, அங்கேயே இருந்து எல்லாவற்றையும் பார்க்கிறாள். அவற்றில் எத்தனையோ அவள் ஏங்கி ஏங்கி வாங்கியவை.

குஸ்தாவ் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' 1856-இல் பத்திரிகையில் தொடராகவும் 1857-இல் நூலாகவும் வந்தது. காதலும் துரோகமும் நிறைந்த கதை என்றுதான் பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் நிதானமாக வாசிப்பவருக்கு அதற்குள் இன்னொரு கதை கிடைக்கும். யார் எதை வாங்கினார்கள், என்ன விலைக்கு, எந்தத் தவணையில், யாருடைய கையெழுத்தில் என்ற கணக்கு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதாசிரியர்கள் நமக்குத் தந்த பெரிய கொடை இந்தக் கணக்குதான். ஒருவர் எதற்கு ஏங்குகிறார் என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை, அதன் விலையையும் எழுதினார்கள். விலை தெரிந்த பிறகுதான் அந்த ஏக்கத்தின் கனம் நமக்குப் புரிகிறது.

எம்மாவின் ஏக்கம் காசு கொடுத்து வாங்காத ஒரு பொருளைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. ஒரு பிரபுவின் மாளிகையில் நடன விருந்து. வைத்தியர் ஷார்ல் பொவாரியும் அவர் மனைவியும் அழைக்கப்படுகிறார்கள். விடிய விடிய ஆட்டம். மறுநாள் வீடு திரும்பும் வழியில் வண்டியின் வார் அறுந்துபோகிறது. அதைக் கட்டி முடித்த ஷார்ல், தரையில் கிடந்த ஒரு சுருட்டுப் பெட்டியை எடுக்கிறார். ஓரமெல்லாம் பச்சைப் பட்டு, நடுவில் குடும்பச் சின்னம், உள்ளே இரண்டு சுருட்டுகள். அன்றிரவு ஷார்ல் ஒன்றைப் பற்றவைத்து, பழக்கமில்லாமல் திணறுகிறார். எம்மா பெட்டியைப் பிடுங்கி அலமாரிக்குள் எறிகிறாள். எறிந்தவள் பிறகு, கணவர் வெளியே போன நேரமெல்லாம் அதைத் துணி மடிப்புகளுக்கிடையிலிருந்து எடுத்துத் திறந்து, உள்துணியை முகர்ந்து பார்க்கிறாள். யாருடையது அது? தன்னோடு நடனமாடிய பிரபுவுடையதாக இருக்குமோ? அந்தப் பட்டு வேலையைச் செய்து கொடுத்தவள் யார்? அவர் இப்போது பாரிஸில் இருப்பாரோ? கடைசியில் அவள் பாரிஸ் நகரத்து வரைபடம் ஒன்றை வாங்கி, தெருத் தெருவாக விரல் நுனியால் நடக்கிறாள்.

இந்த இடத்தில் எம்மாவை அசட்டுப் பெண் என்று தள்ளிவிடுவது சுலபம். ஃப்ளோபேர் அப்படிச் செய்யவில்லை. படிப்பும் கற்பனையும் உள்ள ஒரு பெண், பேச ஆளில்லாத ஊரில், தனக்கென்று ஒரு தொழிலோ வருமானமோ இல்லாமல் அடைபட்டிருக்கிறாள். வெளியுலகத்திலிருந்து அவள் கைக்கு வந்து சேர்ந்தது அந்தச் சுருட்டுப் பெட்டி ஒன்றுதான். அதை அவள் முகராமல் வேறென்ன செய்வாள்?

பிறகு வருகிறார் லெரோ, ஜவுளி வியாபாரி. முதல் தடவை வரும்போதே கழுத்துப்பட்டிகளையும் துப்பட்டாக்களையும் விரித்துக் காட்டுகிறார். மேலே ஒட்டிய தூசியைத் தட்டுவதுபோல் பட்டை நகத்தால் சுண்டிவிடுகிறார். அந்த மாலை வெளிச்சத்தில் ஜரிகைப் புள்ளிகள் மினுக்குகின்றன. எம்மா வேண்டாம் என்கிறாள். பரவாயில்லை, பணம் எனக்கு ஒரு பொருட்டல்ல, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார். வற்புறுத்தவே இல்லை. பொருளைக் காட்டி, பணத்தைப் பற்றிய பேச்சைத் தள்ளிப்போடுவதுதான் அவருடைய தொழில் ரகசியம்.

காதலன் ரொடோல்ஃபுக்குப் பரிசு கொடுக்க எம்மா ஆசைப்படுகிறாள். முலாம் பூசிய வெள்ளிக் குமிழ் வைத்த சவுக்கு ஒன்று, ரூவான் நகரத்துக் கடையில் இருக்கிறது. லெரோ வாங்கி வந்து தருகிறார். மறுநாளே பில் வருகிறது: 270 பிராங்க். வீட்டில் பணம் இல்லை. ஒரு நோயாளி ஷார்லுக்குக் கொடுத்தனுப்பிய பொற்காசுகளை மறைத்துத்தான் அவள் அந்தக் கடனை அடைக்கிறாள். இதே ஃப்ளோபேர் பிற்காலத்தில் எழுதிய இன்னொரு கதையில், அதே நார்மண்டியில் ஒரு வீட்டு வேலைக்காரியின் சம்பளம் வருகிறது: ஆண்டுக்கு 100 பிராங்க். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஒரு சவுக்கின் விலை ஒரு பெண்ணின் இரண்டு வருடம் எட்டு மாதச் சம்பளம். அந்தப் பரிசு ரொடோல்ஃபுக்கு மகிழ்ச்சியும் தரவில்லை. பரிசுகள் அவனுக்குக் கூச்சமாக இருக்கின்றன. அவள் தன்னை நெருக்குகிறாள் என்றுதான் நினைக்கிறான்.

ரொடோல்ஃப் கைவிட்டுப் போன பிறகு எம்மா நோயில் விழுகிறாள். அந்த நேரம் பார்த்து லெரோ, ரொடோல்ஃபோடு ஓடிப்போவதற்காக அவள் சொல்லிவைத்திருந்த பெட்டியையும் மேலங்கியையும் கொண்டுவந்து இறக்குகிறார். ஒன்றும் அறியாத ஷார்ல் புரோநோட்டில் கையெழுத்துப் போடுகிறார். கூடவே 1,000 பிராங்க் கைமாற்றாகக் கேட்டு, ஒரு வருடத்தில் 1,070-ஆகத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கிறார். வட்டி நூற்றுக்கு ஆறு, அதற்கு மேல் கமிஷன், சரக்கில் வரும் லாபம் தனி. எல்லாம் சேர்த்து வருடத்தில் 130 பிராங்க் மிஞ்சும் என்று லெரோ மனதுக்குள் போடும் கணக்கு நாவலில் அப்படியே இருக்கிறது. அப்புறம் நோட்டுக்கு மேல் நோட்டு, எம்மாவின் பெயரில் பவர் பத்திரம், மாமனார் விட்டுப்போன சொத்தின் விற்பனை. கடைசியில் 24 மணி நேரத்துக்குள் 8,000 பிராங்க் கட்ட வேண்டும் என்று கோர்ட் உத்தரவு வந்து நிற்கிறது.

பணம் கேட்டு அவள் படியேறும் கடைசி வீடு ரொடோல்ஃபுடையது. 3,000 பிராங்க் கேட்கிறாள். தன்னிடம் இல்லை என்கிறான் அவன். அது பொய்யும் அல்ல. அப்போதுதான் எம்மாவின் கண் அந்த அறையைச் சுற்றி வருகிறது. துப்பாக்கிக் கட்டையில் வெள்ளி வேலைப்பாடு. ஆமை ஓடு பதித்த கடிகாரம். சவுக்குகளில் முலாம் பூசிய ஊதல்கள். பைக்கடியாரச் சங்கிலியில் தொங்கும் குஞ்சங்கள். காசில்லாதவன் துப்பாக்கிக்கு வெள்ளி கட்டுவானா என்று வெடிக்கிறாள். அவனுடைய தங்கச் சட்டைப் பொத்தான்களை எடுத்து வீசுகிறாள். சுவரில் பட்டுச் சங்கிலி அறுகிறது. பொருட்களைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட பக்கங்களில் இதைவிடக் கூர்மையானது அரிது. இவ்வளவு காலம் அழகாக மட்டும் தெரிந்த சாமான்கள் அவள் கண்ணுக்கு முதன்முதலாகப் பணமாகத் தெரிகின்றன. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அன்றே அவள் மருந்துக் கடைக்காரர் வீட்டில் ஆர்செனிக் நஞ்சை அள்ளித் தின்கிறாள்.

இந்த நாவலுக்காக ஃப்ளோபேர் 1857 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். பொது ஒழுக்கத்துக்கும் மத உணர்வுக்கும் கேடு செய்தார் என்பது குற்றச்சாட்டு. பிப்ரவரி 7 அன்று விடுதலையானார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் எர்னஸ்ட் பினாரின் கவலை காதல் காட்சிகளையும் மத உணர்வையும் பற்றியது. எம்மாவைக் கொன்றது காதலா கடனா என்று கேட்டிருந்தால், வாதம் லெரோவின் கடை வாசலுக்குப் போயிருக்கும்.

எம்மா இறந்த பிறகும் கணக்கு முடியவில்லை. அவளுடைய பொருள் ஒன்றையும் விற்க ஷார்லுக்கு மனம் வரவில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று பளபளக்கும் பூட்ஸ் வாங்குகிறார், மீசைக்கு வாசனைப் பூச்சு தடவுகிறார், அவளைப் போலவே புரோநோட்டில் கையெழுத்திடுகிறார். அவரும் இறந்ததும் எல்லாவற்றையும் விற்றுக் கடன் தீர்த்தால் மிஞ்சுவது 12 பிராங்க் 75 சாந்தீம். மகள் பெர்த்தைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பும் வழிச்செலவுக்கு அது போகிறது. பாட்டியும் அதே வருடம் கண்மூட, ஓர் ஏழை உறவுக்காரி அந்தக் குழந்தையை நூற்பாலைக்கு வேலைக்கு அனுப்புகிறாள். பட்டுத்துணிக்கு ஏங்கியவளின் மகள் பஞ்சாலையில்.

இந்தப் பிரெஞ்சுக் கதைகளில் கடன் பத்திரம் இவ்வளவு துல்லியமாக வருவதற்குப் பின்னால் எழுத்தாளர்களின் சொந்த வாழ்க்கையும் இருக்கிறது. ஒனோரே த பால்சாக் இளம் வயதில் பதிப்பகமும் அச்சகமும் நடத்தி 1828-இல் நொடித்துப்போனவர். அன்று ஏறிய கடன் ஏறக்குறைய ஆயுள் முழுக்கக் கூடவே வந்தது. 1840 முதல் 1847 வரை பாரிஸின் பாஸி பகுதியில் அவர் குடியிருந்த வீட்டை வேறொருவர் பெயரில் எடுத்திருந்தார். கடன்காரர்கள் முன்வாசலுக்கு வந்தால் பின்பக்கமாகச் சரிவில் இறங்கிக் கீழ்த் தெருவுக்குப் போய்விடலாம். அப்படிப்பட்ட மனிதர் கைத்தடிக்கு நீலப்பச்சைக் கற்கள் பதித்துக்கொண்டார். நகரமே பேசிய அந்தக் கைத்தடியை, இன்று அருங்காட்சியகமாகிவிட்ட அதே பாஸி வீட்டில் பார்க்கலாம். கடைசி நாவல்களில் ஒன்றான 'கஸின் போன்ஸ்', பழம்பொருள் சேகரிக்கும் ஓர் ஏழை இசைக்கலைஞரின் கதை. ஓவியர் வத்தோ தீட்டிய அபூர்வமான விசிறியொன்றை அவர் பணக்கார உறவுக்காரிக்குக் கொடுக்கிறார். வத்தோ யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. விலை தெரியும்போது மட்டும் எல்லோர் கண்ணும் அவருடைய சேகரிப்பின் மேல் விழுகிறது.

1831-இல் வந்த 'லா போ த ஷாக்ரேன்' பால்சாக் எழுதிய விந்தைக் கதை. சூதாட்டத்தில் கடைசிக் காசையும் இழந்த ராஃபேல் என்ற இளைஞன், பழம்பொருள் கடையில் ஒரு காட்டுக்கழுதைத் தோலைப் பெறுகிறான். கேட்டதெல்லாம் கொடுக்கும் தோல். ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் அது சுருங்கும்; அதோடு அவன் ஆயுளும் சுருங்கும். அந்தத் தோலை நீட்டிக்க விஞ்ஞானிகளிடம் ஓடுகிறான். பெரிய இயந்திரத்தில் கொடுத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். தோல் இம்மியும் நகரவில்லை. மாயாஜாலக் கதையிலும் பால்சாக் வரவு செலவு எழுதியிருக்கிறார்.

கீ த மாப்பசானின் 'நெக்லஸ்' கதையைக் கேள்விப்படாதவர் குறைவு. 1884-இல் வந்த அந்தக் கதையின் முடிவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இரவல் வாங்கிய வைர நெக்லஸ் தொலைகிறது. பத்து வருடம் பாடுபட்டுப் புது நெக்லஸின் கடனை அடைக்கிறார்கள். பிறகுதான் தெரிகிறது, தொலைந்தது போலி. முடிவைவிடக் கனமான இரண்டு இடங்கள் அதில் இருக்கின்றன. ஒரு விருந்துக்குப் போகக் கதாநாயகி மத்தில்துக்கு நல்ல உடுப்பில்லை. கணவர் லுவாசெல் 400 பிராங்க் சேர்த்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு வேட்டைக்குப் போக ஒரு துப்பாக்கி வாங்க வேண்டும் என்று அவருக்கும் ஓர் ஆசை. அந்தப் பணத்தை அவர் உடுப்புக்குக் கொடுத்துவிடுகிறார். துப்பாக்கியைப் பற்றி அதற்குப் பிறகு கதையில் ஒரு வார்த்தை கிடையாது. இரண்டாவது இடம், விருந்து முடியும் விடிகாலை நான்கு மணி. மற்ற பெண்கள் விலையுயர்ந்த ரோம அங்கிகளைப் போர்த்துகிறார்கள். கணவர் கொண்டுவந்த சாதாரணப் போர்வை தோளில் விழுந்ததும், யாரும் பார்ப்பதற்குள் போய்விட வேண்டும் என்று மத்தில்த் படிகளில் வேகமாக இறங்குகிறாள். நெக்லஸ் போனது அந்த அவசரத்துக்குப் பிறகுதான்.

கணக்கைப் பாருங்கள். புதிய நெக்லஸ் 36,000 பிராங்க். கணவரின் தகப்பனார் விட்டுப்போனது 18,000. மீதியை ஒருவரிடம் ஆயிரம், இன்னொருவரிடம் ஐந்நூறு என்று புரட்டுகிறார். கந்துவட்டிக்காரர்களிடம் எழுதிக் கொடுக்கிறார். தொலைந்த நகையின் விலையோ மிஞ்சிப்போனால் 500. அந்தக் கணவர் கல்வி அமைச்சகத்துக் குமாஸ்தா. மாப்பசானும் முதலில் கடற்படை அமைச்சகத்திலும் பிறகு கல்வி அமைச்சகத்திலும் குமாஸ்தாவாக இருந்தவர். மாதச் சம்பளத்தில் எது முடியும், எது முடியாது என்று அவருக்குத் தெரியும்.

இதற்கு ஒரு வருடம் முன்னால் அவர் எழுதிய 'நகைகள்' என்ற கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கே எல்லாம் தலைகீழ். லான்தேன் என்ற குமாஸ்தாவின் மனைவிக்குப் போலி நகை அணிவதில் பிரியம். அவள் நிமோனியாவில் இறந்துபோகிறாள். கையில் காசில்லாத லான்தேன், ஆறோ எட்டோ பிராங்க் தேறும் என்று நினைத்து ஒரு நெக்லஸை விற்கப் போகிறார். கடைக்காரர் 12,000 முதல் 15,000 வரை பெறும் என்கிறார். அசல் நகை. யார் கொடுத்தது? தெருவிலேயே அவர் மயங்கி விழுகிறார். அவமானத்தில் இரவு வரும்வரை அழுகிறார். மறுநாள் பசி எடுக்கிறது. கடை வாசலில் பலமுறை தயங்கித் தயங்கி, கடைசியில் உள்ளே போய் அத்தனை நகைகளையும் விற்கிறார்: 196,000 பிராங்க். வேலையை விட்டுவிடுகிறார். இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வாசித்தால் மாப்பசானின் உண்மையான கேள்வி புலப்படும். ஒரு கல்லின் மதிப்பு கல்லில் இல்லை என்றால், அது எங்கே இருக்கிறது? ஒரு கதையில் அது பத்து வருட உழைப்பில் இருக்கிறது. இன்னொன்றில், மனைவியைப் பற்றிக் கணவர் கேட்காமலே விட்ட கேள்விகளில் இருக்கிறது.

தனித்தனி வியாபாரிகள் செய்த வேலையை ஒரு முழுக் கட்டடமே செய்யத் தொடங்கியபோது அதை எழுத எமில் ஸோலா வந்தார். பாரிஸில் அரிஸ்தீத் பூசிகோ 1852 முதல் வளர்த்தெடுத்த 'போன் மார்ஷே' கடையில் பேரம் கிடையாது, எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு. வாங்காமலும் உள்ளே சுற்றலாம். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். ஸோலா அங்கே நேரில் போய்க் குறிப்பெடுத்து, 1883-இல் 'ஓ போனர் தே தாம்' நாவலை வெளியிட்டார். கடை முதலாளி மூரே ஒரு பட்டுத்துணியை நஷ்டத்துக்கே விற்கிறான், விலை 5 பிராங்க் 60. அதற்காக வரும் பெண்கள் வேறு பத்துப் பொருளோடு வெளியே போவார்கள். பிரிவுகளை வேண்டுமென்றே கலைத்துப் போடுகிறான். கையுறை வாங்க வந்தவர் கடை முழுக்கச் சுற்ற வேண்டும். பிரபு குடும்பத்துப் பெண்ணான மதாம் த போவ் சட்டைக் கைக்குள் விலையுயர்ந்த லேஸை ஒளித்துப் பிடிபடுகிறாள். தேவை என்பதைத் தாண்டி, எடுப்பதே அவளுக்கு வெறியாகியிருந்தது. கடையின் ஜொலிப்பில் ஸோலாவே கொஞ்சம் மயங்கியிருக்கிறார் என்று தோன்றும். பக்கத்திலேயே குடை செய்யும் கிழவர் பூராவின் கடை இடிபடும் பக்கங்களில்தான் அவருடைய இதயம் இருக்கிறது.

விலையே இல்லாத ஒரு பொருளும் இந்த இலக்கியத்தில் உண்டு. ஆண்டுக்கு 100 பிராங்க் சம்பளக்காரியைச் சற்று முன் பார்த்தோம் அல்லவா, அவள் பெயர் ஃபெலிசிதே. ஃப்ளோபேரின் 'ஒரு எளிய இதயம்', 1877-இல் வந்த கதை. அதை எழுதுவதற்கு முந்தைய வருடம், சகோதரி மகளின் கணவர் திவாலாகாமல் காப்பாற்ற ஃப்ளோபேர் தன் பண்ணை நிலத்தை விற்றிருந்தார். கதையில் எஜமானியம்மாளின் சிறுமி இறந்து பல காலமாகிறது. ஒரு கோடை நாளில் இரண்டு பெண்களும் அவளுடைய அலமாரியைத் திறந்து, பாவாடைகளையும் காலுறைகளையும் கட்டிலில் விரிக்கிறார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு சிறிய தொப்பி கிடைக்கிறது, பூச்சி அரித்துப்போனது. ஃபெலிசிதே அதைத் தனக்குக் கேட்கிறாள். இருவர் கண்களும் நிறைகின்றன; எஜமானி கைகளை விரிக்க, வேலைக்காரி அவள் மேல் சாய்கிறாள். ஒரு வீட்டில் அத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அதுவரை அவர்கள் அணைத்துக்கொண்டதே இல்லை. பூச்சி அரித்த தொப்பியை எந்த அமீனாவும் பட்டியலில் எழுதமாட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மரபைக் கையில் எடுத்தவர் ஜார்ஜ் பெரெக். அவருடைய முதல் நாவல் 'பொருட்கள்' 1965-இல் ரெனோதோ பரிசு பெற்றது. முதல் அத்தியாயத்தில் மனிதர்களே இல்லை. கம்பளம், தோல் சோபா, புத்தக அலமாரி, விளக்கு என்று ஓர் அழகான வீடு விரிகிறது. எல்லாம் 'இப்படி இருந்தால்' என்ற பாங்கில். பிறகுதான் தெரிகிறது, அது யாருக்கும் சொந்தமில்லாத கனவு. ஜெரோம், சில்வி என்ற இளம் ஜோடி பாரிஸில் 35 சதுர மீட்டர் வீட்டில் இருக்கிறார்கள். மக்கள் எதை ஏன் வாங்குகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது அவர்கள் வேலை. மற்றவர் ஆசையை அளந்து பிழைப்பவர்களின் சொந்த ஆசை அளவில்லாமல் வளர்கிறது. துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகருக்குப் போய்ப் பெரிய, வெறுமையான அறைகளில் வாழும்போது ஆசையும் வற்றிவிடுகிறது. அதனால் அமைதி கிடைத்ததா? இல்லை, வாழ்க்கையே வற்றிப்போனதுபோல் ஆகிறது. நுகர்வைத் திட்டுவதற்காக எழுதிய நூல் என்று இதை வாசித்தவர்களைப் பெரெக் ஏற்கவில்லை. இன்றைய உலகில் பொருளுக்கும் மகிழ்ச்சிக்கும் விலக முடியாத உறவு இருக்கிறது என்பதைத்தான் அவர் நேர்மையாகப் பார்க்க விரும்பினார்.

2022-இல் நோபல் பரிசு பெற்ற ஆனி எர்னோ அந்த உறவைத் தேடிப்போன இடம் ஒரு சூப்பர் மார்க்கெட். பாரிஸுக்கு வெளியே செர்ஜி நகரில், தன் வீட்டருகே இருந்த ஒஷான் கடைக்கு 2012 நவம்பர் முதல் ஏறத்தாழ ஓராண்டு காலம் சாமான் வாங்கப் போய்வந்து நாட்குறிப்பாக எழுதினார். 2014-இல் அது நூலாயிற்று. பில் போடும் வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவரின் தள்ளுவண்டி அவர் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறது என்பதைக் கவனிக்கிறார். தன் வண்டியும் அப்படித்தான் வாசிக்கப்படும் என்பதையும் உணர்கிறார். பொம்மைப் பிரிவில் பெண் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய அடுக்குகளைக் கோபத்தோடு எழுதுகிறார்.

அந்த நாட்குறிப்பு எழுதப்பட்ட காலத்தில்தான், 2013 ஏப்ரல் 24 அன்று, வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் சரிந்தது. உள்ளே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இருந்தன. இறந்தவர்கள் 1,100-க்கு மேல், பெரும்பாலோர் பெண்கள். ஐரோப்பியக் கடைகளின் பெயர் தைத்த துணிகள் இடிபாடுகளில் கிடைத்தன. எர்னோ அந்தச் செய்தியையும், அங்கே கண்டெடுக்கப்பட்ட சீட்டுகளில் இருந்த பெயர்களையும் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். தான் வாராவாரம் போய்வந்த கடையின் பெயரும் அவற்றில் ஒன்று.